மதிலோரம் வச்ச சோறு

வாங்கம்மா, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாங்க. இந்த மாடில இப்ப யாரும் நம்ம வாசப்பக்கமே வரதில்ல. புரோக்கர் கீழயே நின்னுட்டாரா? நிக்கட்டும், நல்லதுதான். அவரு வந்தா ஹால் பெருசு, ஹால் பெருசுன்னு நம்மளப் பேச விடமாட்டாரு. ஹால் பெருசா இருந்தா உங்க கண்ணுக்கே தெரியாதா?

உக்காருங்க. வீட்ட அப்புறம் பாக்கலாம், எங்கயும் ஓடிடாது. காபி போடட்டுமா? வேண்டாமா? சரி, தண்ணியாச்சும் குடிங்க.

பால்கனி கதவு ஏன் சாத்தியிருக்குன்னுதானே பாக்கறீங்க. இந்த வீட்டுக்கே அதுதான் அழகு. எல்லாரும் அதத் தொறந்து காட்டித்தான் வீட்ட வாடகைக்கு விடுவாங்க, நான் சாத்தி வச்சுட்டு ஆள் பிடிக்கறேன். அதுக்குக் காரணம் இருக்கு. நீங்க குடி வந்தீங்கன்னா மொத வாரமே லிஃப்ட்ல யாராவது கேப்பாங்க, ‘நாய்க்காரம்மா வீட்டுக்கா வந்திருக்கீங்க’ன்னு. அவங்க சொல்லித் தெரிஞ்சுக்கறதுக்கு என் வாயாலயே கேட்டுக்கோங்க. அப்புறம் பிடிச்சா வாங்க, பிடிக்கலன்னா போங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

இந்தக் கதவத் தொறந்தா நேரா காடு. வீரைமேடு காடு. வீடு வாங்க வந்தப்ப நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட, அவரு இப்ப இல்ல, போய்ச் சேந்துட்டாரு, ‘இதுவாங்க காடு?’ன்னு கேட்டேன். காடுன்னா தேக்கு ஒசர ஒசரமா நிக்கும், எங்கயாச்சும் அருவி விழும்னு நெனச்சிட்டிருந்தவ நான். இங்க என்னடான்னா முள்ளுப் பொதரு, சூரைச்செடி, கோணல் மாணலா மரம். ஆனா சித்திரை வெயில்லயும் பச்ச மாறாது, அத ஒத்துக்கணும். காட்டு கேட்டுல போர்டு வச்சிருக்காங்க, போறப்ப படிச்சுப் பாருங்க. இது யாரும் நட்டு வளத்த காடு இல்லையாம். தானா மொளச்சு, ஊரு வரதுக்கு முன்னாடியே இருந்ததாம். ராஜா காலத்துல இருந்துச்சு, வெள்ளக்காரன் காலத்துல இருந்துச்சு. சுத்தியிருந்த ஏரி பிளாட் ஆச்சு, வயக்காடு ரோடாச்சு, இது மட்டும் எப்படியோ தப்பிச்சுக் கெடக்கு. மூணு பக்கமும் நம்மள மாதிரி பில்டிங். நாலாவது பக்கம் பைபாஸ். போர்டுல அத்தனையும் படிச்சேன். படிச்சு என்ன?

எம் பொண்ணு சுபாஷிணின்னு. ஓசூர்ல இருக்கா, மாப்பிள்ளைக்கு அங்க கம்பெனி வேல. கல்யாணமாகி ரொம்ப வருஷம் ஒண்ணுமில்ல. அப்புறம் தங்கிச்சு, கலைஞ்சுது. மறுபடி தங்கிச்சு, மறுபடியும் கலைஞ்சுது. ரெண்டாவது தடவ நான் கூடவே இருந்தேன். பாத்ரூம்லேருந்து ‘அம்மா’ன்னு ஒரு கொரல் குடுத்தா பாருங்க... வேண்டாம், அத விடுங்க.

காஞ்சிபுரத்துல ஒரு ஜோசியர்கிட்டப் போனேன். கேது சரியில்ல, பைரவரப் பிடிச்சுக்கோங்கன்னாரு. தேய்பிறை அஷ்டமிக்கு அஷ்டமி மிளகு தீபம் ஏத்துங்க, அவரு வாகனத்துக்கு வயிறு நெறய சோறு போடுங்க. வாகனம்னா நாய்தானே. எழுந்து வரப்ப ஒரு வார்த்த சொன்னாரு, ‘பிள்ள பொறக்கற வரைக்கும் நிறுத்திடாதீங்க’ன்னு. அந்த வார்த்ததான்மா என்னப் பிடிச்சுக்கிச்சு.

மாசத்துல ஒரு நாள் போட்டாப் போதும்னுதான் அவரு சொன்னாரு. நாந்தான் தெனம் போட ஆரம்பிச்சேன். மாசம் பூரா பட்டினி போட்டுட்டு ஒரு நாளு மட்டும் எல போட்டா அது பரிகாரமா, ஏமாத்து வேலையா? நான் பொம்பளப் பிள்ளைங்க ஹாஸ்டல்ல வார்டனா இருந்து ரிட்டயர் ஆனவ. எங்கிட்ட எந்தப் பிள்ளையும் தட்ட வச்சுகிட்டுக் காத்துக் கெடந்ததில்ல. மணியடிச்சா சோறு இருக்கும். அது என் புத்தி. நாய்க்கும் அப்படியே பண்ணேன்.

தயிர்ச் சோறு போட்டா மோந்து பாத்துட்டுப் போயிடுங்க. அப்புறம் பிராய்லர் கடைல தள்ளி வைக்கற கழுத்து, காலெல்லாம் வாங்கி, மஞ்சத்தூள் போட்டு வேக வச்சு, சோத்துல பெசஞ்சேன். செவ்வா வெள்ளி நான் கவிச்சி தொடவே மாட்டேன். நாய்ங்களுக்கு மட்டும் வெள்ளிக்கெழமயும் குக்கர் விசில் அடிச்சுது. எதுத்த வீட்டு ரெஜினா டீச்சர் வந்து, ‘என்னக்கா, சாம்பிராணி வாசன வரவேண்டிய நேரத்துல கோழி வாசன வருது’ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அப்ப பேசிட்டிருந்தாங்க. நல்லாத்தான் பேசுவாங்க.

சோறு போட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்தான், சுபா போன் பண்ணா. தங்கியிருக்கு. மொத ரெண்டும் கலைஞ்ச மாசம் வந்துச்சு. நான் தூங்கவே இல்ல. அந்த மாசத்தத் தாண்டிச்சும்மா! நீங்க படிச்சவங்க, நம்புவீங்களோ மாட்டீங்களோ. நான் நம்பினேன். அன்னிக்கு நாய்ங்களுக்கு நெய் ஊத்தினேன்.

மொதல்ல நம்ம கேட்டுக்கு உள்ளதான் போட்டேன். நாய்ங்க பெருத்துப் போச்சு. எங்கெங்கயோ இருந்து புதுசா வந்து சேந்துச்சு. சாப்பாடு கொண்டு வர டெலிவரி ஆள ஒண்ணு தொரத்திச்சு, உடனே மீட்டிங் போட்டுட்டாங்க. குருபாதம் சார்தான் செக்ரெட்டரி. ‘காம்பவுண்டுக்குள்ள போடக் கூடாது, வெளில எங்கயாவது போட்டுக்குங்க’ன்னாரு. எல்லாரும் தலையாட்டினாங்க. இத நல்லா மனசுல வச்சுக்கோங்க. வெளில போடுங்கன்னு சொன்னது அவரு. நான் சட்டதிட்டத்துக்குக் கட்டுப்பட்டவ. வெளிலதான் போட்டேன்.

பின்பக்கம் ஒரு சின்ன கேட் இருக்கு, வாக்கிங் போறவங்களுக்கு. அதத் தாண்டினா ஒத்தையடிப் பாத, பாதைக்கு அந்தப் பக்கம் காட்டு மதில். இடுப்பளவு மதிலு, அதுக்கு மேல கம்பி வல. மழத்தண்ணி வடியறதுக்கு மதிலுக்கு அடில ஒரு வழி விட்டிருந்தாங்க, அதுல இருந்த கம்பி துருப்பிடிச்சு விழுந்துடுச்சு. அந்த எடம் நெழலா இருந்துச்சு. யாரு காலுலயும் படாது. அங்கதான் எல போட்டு வச்சேன். நல்ல எடமாப் பாத்துட்டோம்னு எனக்கு உள்ளுக்குள்ள பெருமை வேற.

நாய்ங்க அந்த வழியா உள்ள போயி வரத நான் பாத்திருக்கேன். பாக்கலன்னு சொன்னா பொய். வெயிலுக்கு உள்ள போய்ப் படுக்குதுன்னு நெனச்சேன். சாப்பிட்டா தூக்கம் வரும்ல?

அந்த மானப் பத்தி சொல்லணும். பெட்ட மான், புள்ளிமான். காலைல நம்ம பால்கனிக்கு நேரா ஒரு வீரை மரம் இருக்கு பாருங்க, அதுக்கடில வந்து நிக்கும். உதிர்ந்த பழத்தப் பொறுக்கித் தின்னும். சுபாவுக்கு டாக்டர் எழுந்திரிக்கவே கூடாதுன்னுட்டாங்க, படுத்த படுக்க. பொழுது போகணுமே. நான் தெனம் காலைல வீடியோ கால் போட்டு மானக் காட்டுவேன். அதுக்கும் வயிறு பெருசாயிட்டே வந்துச்சு. சுபா சிரிப்பா, ‘அம்மா, நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாப் பெத்துக்குவோம் போல. அதுக்குப் பாரு, எவ்வளோ ஜாலியா நடக்குது, நான்தான் கட்ட மாதிரி கெடக்கறேன்’னு. அவ சிரிச்சே எத்தன வருஷமாச்சு. அதுக்காகவே நான் விடிஞ்சதும் கதவத் தொறந்துடுவேன்.

அன்னிக்கும் தொறந்தேன். சோறெல்லாம் பெசஞ்சு குண்டான்ல ரெடியா இருக்கு. சுபா பேசிட்டே இருந்தா. கொழந்த ஒதைக்குதும்மான்னு சொன்னா. அதக் கேட்டுட்டு எப்படி போன வைக்கறது? பேசினோம், பேசினோம். கீழ பாத்தா நாய்ங்க வந்து மதிலோரம் உக்காந்திருக்கு, மூஞ்சியத் தூக்கி நம்ம பால்கனியவே பாக்குது. ‘இருங்கடா, வரேன்’னு கத்தினேன். ஹாஸ்டல்ல இருந்தவரைக்கும் ஒரு பிள்ளையக் கூடக் காக்க வச்சதில்ல நான். அன்னிக்கு வச்சேன்.

செவல ஒண்ணு இருக்கு, அதுதான் மொத எழுந்துச்சு. மதிலுக்கு அடில நொழஞ்சுது. அது பின்னாடியே எல்லாம் நொழஞ்சுது. நான் போன அந்தப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன், சுபா மானப் பாத்துட்டிருக்கா. மான் தலையத் தூக்கிச்சு.

ஓடிடும்னு நெனச்சேன்மா. மானுன்னா ஓடாதா? ஆனா அந்த வயித்தத் தூக்கிகிட்டு எப்படி ஓடும்? ஓடினாலும் எங்க ஓடும்? இந்தப் பக்கம்தான் வந்துச்சு, நம்ம கம்பி வலைய நோக்கி. வந்து மோதிச்சு. மறுபடியும் எழுந்து மோதிச்சு.

நான் குண்டானத் தூக்கிட்டு ஓடினேன். நெசமா சொல்றேன், சோத்தக் காட்டிக் கூப்பிட்டா வந்துடும்னுதான் ஓடினேன். லிஃப்டுக்குக் கூட நிக்கல, படில எறங்கினேன், இந்த முட்டியோட. ‘பைரவா, வாடா! கருப்பி, வா வா!’ன்னு கத்திட்டே போறேன். வாக்கிங் போனவங்க, ரெஜினா டீச்சர், குருபாதம் சார், பால் வாங்க வந்தவங்க எல்லாரும் அங்க நிக்கறாங்க. ஒருத்தர் கல்லு எறியறாரு. ஒருத்தர் போன்ல படம் பிடிக்கறாரு. நான் பேரு சொல்லிக் கூப்பிடறேன்.

வந்துச்சு. எல்லாம் முடிஞ்சப்பறம் வந்துச்சு. அந்த வழியா ஒண்ணு ஒண்ணா வெளில வந்துச்சு. வாயெல்லாம் ரத்தம். நேரா எங்கிட்ட வந்து, என் காலடில நின்னு, வாலாட்டிச்சு.

அத்தன பேரு நின்னாங்களே, யாருகிட்டயும் போகல. எங்கிட்டதான் வந்துச்சு. எம் பொடவைல மூஞ்சிய வச்சு ஒரசிச்சு. அந்த எடத்துலயே பூமி பொளந்து என்ன உள்ள இழுத்துக்கக் கூடாதான்னு இருந்துச்சு. இன்னும் இருக்கு. ராத்திரி படுத்தா அந்த வால்தான் கண்ணு முன்னாடி ஆடுது.

அதுக்கப்புறம் நான் பண்ணத யாராச்சும் உங்ககிட்ட சொல்வாங்க. நானே சொல்லிடறேன். கைல குண்டான் இருக்கு. நாய்ங்க மூஞ்சியத் தூக்கிப் பாக்குது. நான் குனிஞ்சு சோத்த வச்சேன்.

ஏன் வச்சேன்னு கேக்காதீங்க. பழக்கம். கை தானா போச்சு. வச்சு முடிச்சு நிமிந்தப்பதான் ரெஜினா டீச்சர் மூஞ்சியப் பாத்தேன். அவங்க திட்டல. ‘அக்கா’ன்னு ஒரே ஒரு வார்த்த. அன்னிலேருந்து அவங்க கதவு எனக்குத் தொறக்கல.

இடுப்புல சொருகியிருந்த போன்லேருந்து சுபா கூப்பிடறா. ‘அம்மா, என்னாச்சு? மான் எங்கம்மா?’ன்னு. போனக் கட் பண்ணாமலே ஓடி வந்திருக்கேன். ‘ஓடிடுச்சுடி, தப்பிச்சுடுச்சு’ன்னு சொன்னேன். எல்லாரும் நிக்கறப்ப, சத்தமா சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அது கெடக்கு.

காட்டிலாகாலேருந்து ஒரு அம்மா வந்தாங்க, ஜீப்புல. சின்ன வயசுதான். மான் வயித்துல கைய வச்சுப் பாத்தாங்க. ‘நாள் நெருங்கிடுச்சு, முழுக் குட்டி’ன்னு கூட வந்தவங்ககிட்ட சொன்னாங்க. அப்புறம் எங்களப் பாத்து, ‘இங்க யாரு சோறு போடறது?’ன்னாங்க. யாரும் என்னக் காட்டிக் குடுக்கல, பாத்துக்கோங்க. நான் குண்டான முந்தானைல மறச்சேன். ஒரு படி சோத்துக் குண்டான முந்தானைல மறைக்க முடியுமா? அந்த அம்மா குண்டானப் பாத்தாங்க, எம் மூஞ்சியப் பாத்தாங்க. அசிங்கமாத் திட்டியிருந்தாக் கூட ஆறுதலா இருந்திருக்கும். ‘வீட்டுக்குப் போங்கம்மா’ன்னுட்டாங்க.

மான ஜீப்புல ஏத்தினப்ப தல தொங்கிச்சு. நான் அதுக்கு மேல அங்க நிக்கல.

மீட்டிங்ல குருபாதம் சார் எம் பேரச் சொல்லல, ‘சிலர்’னாரு. அந்த ‘சிலர்’க்கு எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க. அவரு மட்டும் யோக்கியமா? வெளில போடச் சொன்னது யாரு? அத நான் எழுந்து கேட்டிருக்கணும். நான் கேட்டிருந்தா எல்லாரும் அந்த வால ஞாபகம் வச்சுகிட்டுப் பாத்திருப்பாங்க.

சுபாவுக்குத் தெரியாது. தெரியக் கூடாது, அதுதாம்மா எனக்கு உசுரே. இப்ப அவளுக்கு ஒரு அதிர்ச்சி ஆகாது. மறுநாள் மானக் காட்டும்மான்னா. வெயிலுன்னேன், மழன்னேன். அப்புறம் ஒரு நாளு, ‘குட்டி போட்டுச்சாம்மா?’ன்னு கேட்டா. ‘போட்டுச்சுடி, நல்லா துள்ளுது’ன்னேன். சொல்லிட்டு இந்தக் கதவ இழுத்துச் சாத்தினேன், அப்புறம் தொறக்கல. நல்ல வேள, இப்பல்லாம் அவ கேக்கறதே இல்ல. மறந்துட்டா. அவ கவல அவளுக்கு. போன வாரம் வேற என்னமோ பேசிட்டிருந்தப்ப சம்பந்தமில்லாம, ‘அம்மா, கொழந்த பொறந்ததும் அந்த நாய்ங்களுக்குச் சோறு போடறத விட்டுடும்மா, பொறந்ததும் விட்டுடு’ன்னு அழுதா. எம் முட்டிவலி ஞாபகம் அவளுக்கு. படுத்துகிட்டு இருக்கறப்பக் கூட என்ன நெனச்சுதான் அழறா, பாருங்க.

ஆமாம்மா. இன்னும் போடறேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க?

நிறுத்தணும்னு நெனைக்காம இருப்பேனா? மறுநாள் சோறு வடிக்கல. பிள்ள பொறக்கற வரைக்கும் நிறுத்தாதீங்கன்னாரே. நிறுத்தி, அங்க ஏதாவது ஆச்சுன்னா? பாத்ரூம்லேருந்து அந்தக் கொரல நான் மறுபடி கேக்கணுமா? அது மான். மனசு பதறுது, இல்லன்னு சொல்லல. ஆனா இது என் பேரப்பிள்ள. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணுவேன்? மத்தியானமே ஒல வச்சுட்டேன்.

இப்ப விடியறதுக்கு முன்னாடியே போயிடறேன், திருடி மாதிரி. காட்டிலாகாக்காரங்க அந்த வழியக் கல்லு வச்சு அடைச்சாங்க. நாய்ங்க பக்கத்துலயே தோண்டிடுச்சு. நான் என்ன, தோண்டவா சொன்னேன்? சோத்த வச்சுட்டு, காட்டப் பாக்காம திரும்பி வந்துடறேன். எனக்கு வெட்கம் இருக்கும்மா. நெறய இருக்கு. அதனாலதான் இந்த வீட்ட விட்டுட்டு ஓசூரே போயிடறேன். பிரசவத்துக்குப் போறேன், அப்படியே அங்கயே இருந்துடுவேன்.

நாளைக்கு மறுநாள் வண்டி. அதுல ஒரு சிக்கல். வாய் விட்டுக் கேக்கவே கூசுது. புரோக்கர கீழயே நிறுத்தினது கூட இதுக்குத்தான்.

நான் கெளம்பினதும் யாரு வைக்கறது? இந்த பில்டிங்ல யாரக் கேக்கறது, சொல்லுங்க. நீங்க பாக்க நல்ல மாதிரியா இருக்கீங்க. குடும்பமா இருக்கீங்க, எப்படியும் சமைக்கத்தான் போறீங்க, கொஞ்சம் கூட வடிச்சாப் போச்சு. பிரசவம் ஆகற வரைக்கும்தான். பொறந்த அன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடறேன், அப்புறம் வேண்டாம். அந்த எடத்துலதான் வைக்கணும், வேற எங்க வச்சாலும் அதுங்க வரதில்ல, வச்சுப் பாத்துட்டேன்.

நீங்க ஒண்ணும் பயப்பட வேண்டாம்மா. இப்ப அந்தப் பக்கம் மானே வரதில்ல.